விரலுக்கும் திரைக்கும் நடுவில்

"டேய், மூணு தடவ கூப்ட்டாச்சு, காதுல விழல?" கேம் ஆடுகிற பிள்ளை இருக்கும் சென்னை வீடுகளில் சமையலறையிலிருந்து தினமும் வருகிற கேள்வி இது. கேட்காத மாதிரி நடிக்கிறான் என்றுதான் அம்மா நினைப்பார். பெரும்பாலும் அது நடிப்பு கிடையாது, நிஜமாகவே விழுந்திருக்காது. கவனம் மொத்தமும் ஒரே வேலைக்குள் இறங்கிவிட்டால் மற்றதற்குக் கொடுக்க மிச்சம் ஒன்றும் இருப்பதில்லை. பசி, மரத்துப்போன கால், மணி எட்டரை ஆனது, தன் பெயர், எல்லாம் வாசலுக்கு வெளியே நிற்கும். தனி ஆவர்த்தனத்தில் இருக்கும் மிருதங்கக்காரரும், கடைசி இரண்டு காய் மிச்சமிருக்கும்போது ஸ்ட்ரைக்கரை வைக்கிற கேரம் ஆட்டக்காரரும் இதே இடத்தில்தான் இருப்பார்கள். லயித்துப் போவது என்று நம்மிடம் அதற்கு ஒரு சொல் எப்போதிருந்தோ இருக்கிறது. கேமர்கள் ஃப்ளோ என்கிறார்கள்.

ஃப்ளோ என்று பெயர் வைத்தவர் ஹங்கேரிய அமெரிக்க உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாய். 1970களில் மலையேறுபவர்கள், சதுரங்க வீரர்கள், நடனக் கலைஞர்கள், அறுவை மருத்துவர்கள் என்று பலரிடம் அவர் பேசினார். பணமோ பரிசோ பெரிதாக இல்லாதபோதும் ஒரு வேலையில் மனிதர்கள் ஏன் இப்படி மூழ்குகிறார்கள் என்பதுதான் அவருடைய கேள்வி. ஓடுகிற தண்ணீர் தானாகவே இழுத்துக்கொண்டு போகிற மாதிரி இருக்கும் என்று பலர் சொன்னார்கள், பெயர் அதிலிருந்து வந்தது. அந்த நிலை வர மூன்று விஷயங்கள் ஒன்றுசேர வேண்டும். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதில் குழப்பம் இருக்கக் கூடாது. செய்தது சரியா தப்பா என்று உடனே தெரிய வேண்டும். வேலையின் கடினம் கைத்திறனுக்குச் சமமாகவோ ஒரு நூல் கூடுதலாகவோ இருக்க வேண்டும்.

வீடியோ கேம் என்பது இந்த மூன்றையும் பொருத்திக் கட்டிய ஒரு பொருள். அப்படியிருந்தும் எல்லா நாளும் லயிப்பு வருவதில்லை. வராத நாளில் "ஃபார்ம் போயிடுச்சு", "மூடு இல்ல" என்று ஆட்டக்காரர்கள் தங்களையே திட்டிக்கொள்கிறார்கள். என் கருத்து வேறு. மனசைக் குறை சொல்வதற்கு முன் விரலுக்கும் திரைக்கும் நடுவில் இருப்பதைப் பாருங்கள். பெரும்பாலான நேரம் குறை அங்கேதான் இருக்கும், அதைக் கையால் தொட்டுச் சரிசெய்யவும் முடியும்.

முதலில் கடினத்தைப் பார்த்துவிடலாம், இதற்கு டெட்ரிஸை விட நல்ல உதாரணம் கிடையாது. 1984இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கிய ஆட்டம். நின்டெண்டோவின் பழைய என்இஎஸ் கேம் கருவிக்கான பதிப்பில் நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம். லெவல் 0இல் கட்டை ஒரு வரிசை இறங்க 48 ஃபிரேம் ஆகும். பலகையில் 20 வரிசை, ஆக மேலிருந்து கீழே வர 16 நொடி. பழகிய ஆளுக்கு அது கொட்டாவி வரவைக்கும் வேகம். லெவல் 9இல் வரிசைக்கு 6 ஃபிரேம், மொத்தம் 2 நொடி. லெவல் 18இல் 3 ஃபிரேம், ஒரே நொடி. லெவல் 29இல் ஃபிரேமுக்கு ஒரு வரிசை, கண்ணிமைக்கும் நேரத்தில் கட்டை தரையில் இருக்கும். அதற்கு மேல் மனிதரால் ஆட முடியாது என்று ரொம்ப காலம் நம்பினார்கள். பட்டனை அழுத்துவதற்குப் புதிய கைமுறைகள் வந்த பிறகு அந்த எல்லை உடைந்தது. 2023 டிசம்பரில் 13 வயது அமெரிக்கச் சிறுவன் ஒருவன் லெவல் 157 வரை போய் ஆட்டத்தையே உறையவைத்தான்.

இந்த எண்களில் நமக்கு வேண்டியது ஒன்று உண்டு. லயிப்பு லெவல் 0இலும் இல்லை, 29இலும் இல்லை. உங்கள் கைக்கு ஏற்ற எண் நடுவில் எங்கோ இருக்கிறது, அது மாதா மாதம் நகரும். போன மாதம் லெவல் 5இல் நேரம் போவது தெரியாமல் ஆடியவருக்கு இந்த மாதம் அதே லெவல் 5 சலிக்கிறது என்றால் ஆட்டம் கெட்டுப்போகவில்லை, கை வளர்ந்திருக்கிறது. நேராக லெவல் 8இல் தொடங்கிப் பாருங்கள்.

மற்ற ஆட்டங்களில் எண் இவ்வளவு வெளிப்படையாக இருக்காது. அங்கே ஒரு எளிய அளவுகோல் போதும். ஒரே இடத்தில் மூன்று தடவை செத்து, மூன்று தடவையும் புதிதாக எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்றால் கடினத்தை ஒரு படி இறக்குங்கள். பத்து நிமிடமாக ஒரு தப்பும் நடக்கவில்லை என்றால் ஒரு படி ஏற்றுங்கள். 'ஈஸி' வைத்து ஆடுவது கௌரவக் குறைச்சல் என்று நினைத்து ஹார்டில் போட்டு முட்டி மோதுகிறவர்களுக்குக் கிடைப்பது எரிச்சல் மட்டும்தான். ஜெனோவா சென் என்ற வடிவமைப்பாளர் 2006இல் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் எழுதிய ஆய்வேட்டில் இதைத்தான் சொன்னார்: கடினத்தை மாற்றும் பிடியை ஆட்டத்தின் போக்கிலேயே ஆடுபவர் கையில் கொடுத்துவிட வேண்டும்.

ரேங்க் ஆட்டங்களில் இந்த வேலையை மேட்ச்மேக்கிங், அதாவது உங்களுக்குச் சமமான எதிராளியைத் தேடித் தரும் கணக்கு, பார்த்துக்கொள்ளும். சதுரங்கத்துக்காக ஆர்பாட் ஈலோ வகுத்த ரேட்டிங் முறையும் அதன் வழி வந்தவையும்தான் அடியில் ஓடுகின்றன. கணக்கு சரியாக ஓடினால் நீங்கள் சுமார் பாதி ஆட்டம் தோற்பீர்கள். பாதி தோற்பது என்றால் ரேட்டிங் உங்களைச் சரியான இடத்தில் உட்காரவைத்திருக்கிறது என்று பொருள். இதைப் புரிந்துகொள்ளாமல் இரண்டு ஆட்டம் தோற்றதும் புது ஐடி திறந்து கத்துக்குட்டிகளை அடிக்கப் போகிறவர்கள், எது தங்களை லயிக்கவைக்குமோ அதையே விட்டு விலகிப் போகிறார்கள். சென்னை சதுரங்க ஊர் என்பதால் இதை விளக்குவது எளிது. ஆன்லைனில் மூன்று நிமிடம், நகர்த்தலுக்கு இரண்டு நொடி கூடுதல் என்று வைத்து, உங்கள் ரேட்டிங்கை விட 50 புள்ளி கூட உள்ளவரோடு ஆடிப் பாருங்கள். 400 புள்ளி குறைந்தவரோடும் ஆடிப் பாருங்கள். இரண்டே ஆட்டத்தில் வித்தியாசம் தெரிந்துவிடும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உடனே தெரிய வேண்டும் என்றார்களே, அந்த 'உடனே' எவ்வளவு?

விரல் பட்டனை அழுத்துகிறது. மவுஸோ தொடுதிரையோ அதை உணர்கிறது. ஆட்டம் அடுத்த ஃபிரேமில் அதைக் கணக்கில் எடுக்கிறது. கிராபிக்ஸ் கார்டு படம் வரைகிறது. திரை காட்டுகிறது. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேம் 16.7 மில்லி நொடி, 144 ஹெர்ட்ஸில் 6.9. ஒவ்வொரு கண்ணியிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து சாதாரண போனில் 50 முதல் 100 மில்லி நொடி வரை போய்விடும். நல்ல கம்ப்யூட்டரில் இதில் பாதிக்கும் கீழே கொண்டுவரலாம். ஆனால் முக்கியமானது மொத்த அளவு இல்லை. தாமதம் எப்போதும் 80 மில்லி நொடியாகவே இருந்தால் மூளை பழகிக்கொள்ளும், விரல் அதற்கேற்ப முந்திக்கொள்ளும். ஒரு தடவை 40, அடுத்த தடவை 120, பிறகு 60 என்று மாறிக்கொண்டே இருந்தால் பழக முடியாது. ஒவ்வொரு தடவையும் 'அழுத்தினேனா இல்லையா' என்ற சந்தேகம் எட்டிப் பார்க்கும். அந்தச் சந்தேகம் வந்த நொடியே நீங்கள் ஆட்டத்துக்குள்ளிருந்து நாற்காலிக்குத் திரும்பிவிடுகிறீர்கள்.

இதனால்தான் திரை மூலையில் தெரியும் எஃப்பிஎஸ் எண்ணை, அதாவது நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்ற கணக்கை, நம்பக் கூடாது. ஒரு நொடியில் ஒரே ஒரு ஃபிரேம் மட்டும் 50 மில்லி நொடி எடுத்து, மீதி எல்லாம் ஒழுங்காக வந்தால் எண் 58 என்று காட்டும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். கண்ணுக்கோ அது தெருவில் ஸ்பீடு பிரேக்கர் மேல் ஏறி இறங்கிய மாதிரி இருக்கும். 60க்கும் 90க்கும் இடையில் தள்ளாடுவதை விட 60இல் பூட்டி வைப்பது மேல். ஆட்டத்தின் வேகத்துக்கேற்பத் திரையும் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் அடாப்டிவ் சிங்க் உள்ள மானிட்டர் என்றால் திரையின் ஹெர்ட்ஸ் எண்ணுக்கு மூன்று கீழே, அதாவது 144க்கு 141 என்று எஃப்பிஎஸ் வரம்பு வையுங்கள். நிழலையும் புல்லையும் குறைத்தால் படத்தின் அழகு கொஞ்சம் போகும், சீர் கிடைக்கும். லயிப்புக்கு வேண்டியது சீர்.

ஹாலில் உள்ள டிவியில் கன்சோலை மாட்டி ஆடுகிறவர்கள் முதலில் டிவியின் 'கேம் மோடு' போட்டிருக்கிறதா என்று பாருங்கள். சினிமாவுக்காகப் படத்தை மெருகேற்றும் வேலைகள் ஓடிக்கொண்டிருந்தால் டிவியே பல ஃபிரேம் தாமதம் சேர்த்துவிடும். எந்த எச்டிஎம்ஐ துளையில் மாட்டியிருக்கிறீர்களோ அந்தத் துளைக்குத் தனியாக அதை வைக்க வேண்டியிருக்கும், சிலர் வேறு துளைக்குப் போட்டுவிட்டு "மாத்தியும் அப்படியேதான் இருக்கு" என்பார்கள். அடுத்தது ஹெட்போன். சாதாரண ப்ளூடூத் ஹெட்போனில் சத்தம் 150 முதல் 250 மில்லி நொடி தாமதமாக வரும். பாட்டுக் கேட்கும்போது இது தெரியாது. துப்பாக்கி ஆட்டத்தில் எதிராளியின் காலடிச் சத்தம் வரும்போது அவர் கதவைத் தாண்டியிருப்பார். தாள ஆட்டங்களில் சொல்லவே வேண்டாம், ஒவ்வொரு தட்டும் தப்பும். இருநூறு ரூபாய் வயர் இயர்போன் இந்த ஒரு வேலையில் இருபதாயிரம் ரூபாய் ப்ளூடூத்தை ஜெயிக்கும்.

நெட்வொர்க்குக்கு வருவோம், சென்னைக்கு இதில் ஒரு நல்ல இடம் கிடைத்திருக்கிறது. கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லி நொடியில் 200 கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து கடலுக்கடியில் சிங்கப்பூருக்கு நேராகக் கேபிள் கிடக்கிறது. 2002இல் போட்ட ஐ2ஐ கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர், போய் வர 32 மில்லி நொடி. மும்பைக்குச் சாலை வழித் தூரம் சுமார் 1,330 கிலோமீட்டர், போய் வர 13தான். நடுவில் உள்ள கருவிகளின் தாமதமும் சுற்றுவழியும் சேர்ந்து மும்பை சர்வர் பெரும்பாலும் 20களிலோ 30களிலோ நிற்கும். சிங்கப்பூர் நேர்வழி கிடைத்தால் 40ஐ ஒட்டி நிற்கும். டெல்லி ஆட்டக்காரருக்கு சிங்கப்பூர் இவ்வளவு பக்கம் கிடையாது. ஆக இரண்டு சர்வரும் காட்டும் ஆட்டத்தில் மும்பை மாலை நேரத்தில் தடுமாறினால் சிங்கப்பூரையும் பாருங்கள். உங்கள் இணைப்பு சிங்கப்பூர் போக மும்பையைச் சுற்றிக்கொண்டு போகிறதென்றால் பிங், அதாவது சர்வருக்குப் போய் வரும் நேரம், 80ஐத் தாண்டும், அப்போது மும்பையே நல்லது. கம்ப்யூட்டரில் ட்ரேஸ்ரூட் என்ற கட்டளையை ஓட்டினால் எந்த ஊர் வழியாகப் போகிறது என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

ஆனால் வீட்டுக்குள்ளேயே பாதிப் பிரச்சினை. கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து முதலில் உங்கள் ரவுட்டருக்கு பிங் போடுங்கள், பெரும்பாலும் 192.168.1.1 ஆக இருக்கும். நிற்காமல் ஓட கட்டளையின் கடைசியில் -t சேர்த்து, இரண்டு நிமிடம் ஓடட்டும். வயரில் இருந்தால் எல்லா வரியும் ஒரு மில்லி நொடிக்குள் வர வேண்டும். வைஃபையில் 2, 3, 4 என்று வரலாம். நடுநடுவே 80, 150 என்று எகிறினால் குறை உங்கள் வீட்டு வைஃபையில் இருக்கிறது, நெட் கம்பெனிக்காரருக்கு போன் போட்டுச் சண்டை பிடித்துப் பயன் இல்லை. ரவுட்டர் வரை சுத்தமாக இருந்து, வெளியே உள்ள கூகுள் சர்வரான 8.8.8.8க்கு பிங் போடும்போது மட்டும் எகிறினால் குறை வெளியே. மூன்றாவது சோதனை: வெளி பிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு போனிலிருந்து ஒரு பெரிய வீடியோவை அப்லோட் செய்யுங்கள். 10 ஆக இருந்தது 200 ஆனால் உங்கள் ரவுட்டர் ஆட்டத்தின் தகவலையும் அப்லோடுக்குப் பின்னால் வரிசை கட்டி நிறுத்துகிறது என்று அர்த்தம். வீட்டில் யாரோ ஒருவருடைய போட்டோ பேக்கப் ஓடும் நேரத்திலெல்லாம் நீங்கள் சாவது இதனால்தான். பேக்கப்பை இரவு இரண்டு மணிக்குத் தள்ளுங்கள், அல்லது ரவுட்டரில் அப்லோட் வேகத்துக்கு உங்கள் இணைப்பின் வேகத்தில் 85 சதவீதம் என்று வரம்பு வையுங்கள்.

வைஃபைதான் குற்றவாளி என்றால் காரணம் எளிது. வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றையொன்று இடிக்காத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. வேளச்சேரியிலோ பெரம்பூரிலோ இருபது வீடு உள்ள அடுக்குமாடியில் இருபது ரவுட்டரும் இந்த மூன்றுக்குள் முண்டியடிக்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினால் நெரிசல் குறையும், சுவர் தாண்டும் பலமும் குறையும். ரவுட்டர் ஹாலில் டிவிக்குப் பின்னால், நீங்கள் உள்ளறையில் கதவை மூடிக்கொண்டு இருந்தால் அதுவும் உதவாது. கடைசி வழி வயர்தான். ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட் 6 கேபிளை மீட்டர் கணக்கில் வெட்டி இரண்டு முனையிலும் கிளிப் அடித்துத் தருவார்கள். கதவு நிலை ஓரமாக இழுத்து வருவதற்கு வேண்டியதை விட இரண்டு மீட்டர் கூடுதலாக வாங்குங்கள். கதவிடுக்கில் நசுங்கினால் உள்கம்பி முறிந்து விட்டு விட்டு வேலை செய்யும், அந்தக் குறையைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

கரன்ட். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை காலை 9 முதல் மதியம் 2 வரை என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள், அது தொல்லை இல்லை. மழை நாளில் ஒரு நொடி போய் வருகிற கரன்ட்தான் ஆட்டத்தைக் கெடுக்கும். கம்ப்யூட்டர் இன்வெர்ட்டரில் இருந்தால் அதன் பின்னாலோ பக்கவாட்டிலோ உள்ள சுவிட்சை யுபிஎஸ் மோடில் வையுங்கள், சாதாரண மோடில் மாறும் நேரம் அதிகம், கம்ப்யூட்டர் அணைந்துவிடும். ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் கிடைக்கிறது. வாங்கும் முன் அடாப்டரில் 1 ஆம்பியரா 2 ஆம்பியரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பலர் செய்யும் தப்பு, ரவுட்டருக்கு மட்டும் போட்டுவிட்டு ஃபைபர் வந்து இறங்கும் சின்னப் பெட்டியை மறந்துவிடுவது. அது தனிப் பெட்டியாக இருந்தால் அதுவும் அணையக் கூடாது. அணைந்தால் மறுபடி உயிர் பெற இரண்டு மூன்று நிமிடம், அதற்குள் மேட்ச் போய்விடும்.

போனில் ஆடுகிறவர்களுக்கு எதிரி வெயில். ஐபோனை 0 முதல் 35 டிகிரி வரையான சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். கத்திரி வெயிலில் மாடி வீட்டு அறை மதியம் இரண்டு மணிக்கு அதைத் தாண்டி நிற்கும், அதாவது போன் ஆட்டத்தைத் தொடங்கும் முன்பே எல்லையில் நிற்கிறது. பதினைந்து நிமிடத்தில் அது தன்னைக் காத்துக்கொள்ளப் பிராசசரின் வேகத்தைக் குறைக்கும், திரை வெளிச்சம் தானாக மங்கும், 60 ஃபிரேம் 40க்கு இறங்கும். முதல் மேட்ச் அருமையாகவும் இரண்டாவது மேட்ச் மண்ணாகவும் போனால் காரணம் கையில் இல்லை, போனின் முதுகில் இருக்கிறது. தொட்டுப் பாருங்கள். கவரைக் கழற்றுங்கள். சார்ஜில் போட்டபடி ஆடாதீர்கள், 80 சதவீதம் ஏற்றிவிட்டு வயரை உருவிவிடுங்கள். மின்சாரத்தை பேட்டரிக்கு அனுப்பாமல் நேராகக் கருவிக்குக் கொடுக்கும் பைபாஸ் வசதி உள்ள போன் என்றால் அதைப் போட்டுக்கொள்ளலாம். பின்னால் ஒட்டும் கூலர் வாங்கினால் ஒரு எச்சரிக்கை: சென்னைக் காற்றில் ஈரம் அதிகம், கூலரை முழு வேகத்தில் வைத்தால் குளிர்ந்த தண்ணீர் சொம்பின் மேல் வேர்க்கிற மாதிரி போனின் முதுகில் நீர் கோத்துக்கொள்ளும். நடு வேகம் போதும்.

வியர்வையையும் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். இடது கட்டைவிரல் திரையில் ஆளை நகர்த்தும் வட்டத்தின் மேல் இருக்கிறது. வியர்வை படிந்த கண்ணாடியில் விரல் முதலில் ஒட்டும், பிறகு ஒரேயடியாக வழுக்கும். மெல்ல நகர்த்த நினைத்தது பெரிய இழுப்பாகிவிடும். இன்னும் ஈரமானால் ஒரு துளியையே திரை இன்னொரு விரலாக எடுத்துக்கொள்ளும், நீங்கள் தொடாத இடத்தில் துப்பாக்கி சுடும். சிலர் முகப் பவுடரைத் தடவிக்கொள்கிறார்கள். பலன் உண்டு, ஆனால் அது ஸ்பீக்கர் ஓட்டையிலும் சார்ஜிங் துளையிலும் அடையும். விரலில் மாட்டும் மெல்லிய துணி உறையான ஃபிங்கர் ஸ்லீவ் நல்லது, இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு தினம் ஒன்றைத் துவைத்துக் காயப்போடுங்கள். நனைந்த ஸ்லீவ் வெறும் விரலை விட மோசம். மடியில் ஒரு பழைய பருத்தித் துணி, தலைக்கு மேல் காற்றாடி, அவ்வளவுதான்.

கருவியெல்லாம் ஒழுங்கான பிறகு மனசு. இங்கே முதல் விதி, குறியைச் சின்னதாக வையுங்கள். 'இன்னைக்கு ரேங்க் ஏத்தணும்' என்பது லயிக்கவிடாத குறி, ஏனென்றால் அதற்கான பதில் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் வரும். 'மூலை திரும்பும்போதெல்லாம் கிராஸ்ஹேர் (திரை நடுவே உள்ள சுடும் குறி) தலை உயரத்தில் இருக்க வேண்டும்' என்பது நல்ல குறி, பதில் அரை நொடியில் வந்துவிடும். கார் ஆட்டத்தில் 'இந்த வளைவில் 100 மீட்டர் பலகையில் பிரேக்' என்று ஒரே ஒரு வளைவை எடுத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்ததும் ரேங்க் மேட்ச் போடாமல் பத்து நிமிடம் டிடிஎம்மோ (அணியாக ஆடும் டீம் டெத்மேட்ச்) டெத்மேட்சோ ஆடுங்கள், ஜெயிப்பதற்காக இல்லை, விரலுக்கும் கண்ணுக்கும் இன்றைய அளவைச் சொல்லிக்கொடுப்பதற்காக. கை அசைவுக்குப் பார்வை எவ்வளவு திரும்பும் என்ற சென்சிட்டிவிட்டியை தினம் மாற்றாதீர்கள். மவுஸை எத்தனை சென்டிமீட்டர் இழுத்தால் ஒரு முழுச் சுற்று வருகிறது என்று ஸ்கேல் வைத்து அளந்து எழுதி வைத்துவிடுங்கள். துப்பாக்கி ஆட்டங்களில் 30 முதல் 50 வரை பெரும்பாலானோருக்குச் சரிவரும். வேறு ஆட்டத்துக்குப் போகும்போது அதே சென்டிமீட்டருக்கு வையுங்கள், எண் வேறாக இருந்தாலும் கைக்கு ஒன்றாக இருக்கும்.

தோற்ற எரிச்சலில் நிதானம் இழப்பதை டில்ட் என்பார்கள், பழிவாங்க அடுத்த ஆட்டத்தில் குதிக்கவைப்பது அதுதான். அந்த ஆட்டத்தில் லயிப்பு வராது, மனம் முந்தைய ஆட்டத்திலேயே இருக்கும். அதேபோல, நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது 'செமயா ஆடுறேன்' என்ற நினைப்பு ஒன்று எட்டிப் பார்க்கும். எண்ணிக்கையைப் பார்க்கத் தோன்றும். அந்த நினைப்போடு சண்டை போடாதீர்கள். அடுத்த சின்ன வேலையைக் கைக்குக் கொடுங்கள்: ரீலோட், மேப்பை ஒரு பார்வை, அடுத்த மறைவிடம். ஸ்கோர் பலகையைத் திறக்கும் பட்டனை விரல் எட்டாத இடத்துக்கு மாற்றிவிடுவதும் உதவும். கூட ஆடும் நண்பர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஒருவன் மட்டும் உயிரோடு மூன்று பேரை எதிர்த்து நிற்கும்போது செத்தவர்கள் மூன்று பேரும் "லெஃப்ட்ல டா, லெஃப்ட்ல" என்று கத்தினால் அவன் காது உங்களிடம் இருக்கும், எதிரியின் காலடிச் சத்தத்தில் இருக்காது. எதிரி இருக்கும் இடத்தை ஒரு தடவை சொல்லிவிட்டு மைக்கை அணையுங்கள்.

நோட்டிஃபிகேஷனை அணைப்பது எல்லோருக்கும் தெரியும். வீட்டைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. ஆன்லைன் மேட்சை நடுவில் நிறுத்த முடியாது என்பது அம்மா அப்பாவுக்குத் தெரியாது, தெரிய வாய்ப்பும் இல்லை. டிடிஎம் பத்து நிமிடத்துக்குள் முடியும், பெரிய மேப் என்றால் அரை மணி, வேலொரன்ட் முழு மேட்ச் 40 நிமிடம் வரை போகும். தொடங்கும் முன்பே "அம்மா, எட்டே முக்காலுக்கு முடியும், அப்பறம் வந்து சாப்பிடுறேன்" என்று மணியோடு சொல்லிவிட்டு, சொன்ன மணிக்கு எழுந்து போங்கள். நாலு நாள் சொன்னபடி நடந்தால் ஐந்தாம் நாள் கூப்பிடமாட்டார். அம்மாக்களுக்கும் ஒன்று: தூரத்திலிருந்து கூப்பிட்டால் விழாது. திரைக்குப் பக்கவாட்டில், கண்ணில் படுகிற இடத்தில் வந்து நின்று, ரவுண்டு முடிந்ததும் தோளைத் தொடுங்கள். பதில் வரும்.

லயிப்பு மாதிரியே தெரியும், ஆனால் அது இல்லாத ஒன்று இருக்கிறது. மானுடவியலாளர் நடாஷா டவ் ஷூல் லாஸ் வேகஸ் சூதாட்ட இயந்திரங்களின் முன் உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர்களுக்கும் நேரம் மறந்துபோகிறது, பசி மறந்துபோகிறது. வித்தியாசம், அங்கே கைத்திறனுக்கு வேலை இல்லை. எவ்வளவு நேரம் இருந்தாலும் கை வளராது. பெட்டியைத் திறந்தால் என்ன வருமோ என்று காசு கட்டிச் சுழற்றும் பகுதிகள் நாம் ஆடும் ஆட்டங்களிலும் உண்டு. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தடைசெய்தது, ஆனால் இந்தச் சுழற்றும் பெட்டிகள் பல ஆட்டங்களில் அப்படியே இருக்கின்றன. எழுந்த பிறகு உங்களையே ஒன்று கேளுங்கள்: கடைசி அரை மணியில் நான் செய்த மூன்று முடிவுகளைச் சொல்ல முடியுமா? லயித்து ஆடியவருக்கு அவை பளிச்சென்று ஞாபகம் இருக்கும். வெறுமனே மூழ்கிக் கிடந்தவருக்கு ஒன்றும் நினைவு வராது. ஆட்டத்தை நிறுத்த முடியாமல், படிப்பும் வேலையும் கெட்டும் தொடர்ந்து, அது ஓராண்டு அளவுக்கு நீடித்தால் அதை கேமிங் கோளாறு என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் நடைமுறைக்கு வந்த தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அப்போது தேவை மருத்துவர்.

நிறுத்தும் நேரத்தை உட்காரும் முன்பே முடிவு செய்யுங்கள், உள்ளே போன பிறகு நேரம் தெரியாது. நிமிடத்தில் வைக்காமல் மேட்ச் கணக்கில் வையுங்கள், மூன்று என்றால் மூன்று. அலாரம் மேட்சின் நடுவே அடித்தால் அணைத்துவிட்டுத் தொடரத்தான் தோன்றும். 'அடுத்த மேட்ச்' பட்டன் திரையில் வரும்போது கையை மவுஸிலிருந்து எடுத்து எழுந்து நின்றுவிடுங்கள், நின்றுகொண்டு அதை அழுத்துவது கடினம். லயித்திருக்கும்போது கண் சிமிட்டுவது குறைந்திருக்கும், கண் காந்தும். பால்கனிக்கோ மொட்டை மாடிக்கோ போய் எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியையோ தூரத்து டவர் விளக்கையோ இரண்டு நிமிடம் பாருங்கள், ஒரு சொம்பு தண்ணீர் குடியுங்கள். மணிக்கட்டை இரண்டு பக்கமும் மெதுவாக மடக்கி நீட்டுங்கள். கூலரைக் கழற்றி போனின் முதுகைத் துடைத்து, ஸ்லீவைத் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகலாம்.